மேட்டுச்சந்தையில் சிரித்த தரகன்

சாய்ந்து உட்கார இடம் கிடைத்தவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள். கிடைக்காதவர்கள் நின்றுகொண்டே கேளுங்கள். கதை சின்னதுதான், கால் வலிப்பதற்குள் முடிந்துவிடும்.

கும்பினிக்காரர்கள் வந்து கொடிக்கம்பம் நட்டு, அதன் அடியில் பூசிய சுண்ணாம்பு இன்னும் காயாத காலம் அது. கொங்குச் சீமையில் மேட்டுச்சந்தை என்று ஓர் ஊர். வாரத்தில் ஆறு நாள் அங்கே சோளக்காடும் வெயிலும்தான். செவ்வாய்க்கிழமை விடிந்தால் போதும், எங்கே பார்த்தாலும் மாடு.

மாட்டுக்கு விலை பேசுவதில் அந்தச் சந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். தரகன் தன் கையின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வான். வாங்குகிறவர் துண்டுக்குள் கைவிட்டு அவன் விரல்களைப் பிடிப்பார். மூன்று விரல் பிடித்தால் மூன்று வராகன், முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. பிறகு விற்கிறவர் வந்து தன் விலையைப் பிடித்துக் காட்டுவார். ஒருவர் பிடித்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் தரகன் மட்டுமே. நடுவில் மிஞ்சுவது யார் மடிக்குப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஊருக்கு ராக்கியப்பன் என்று ஒருவன் வேலை தேடி வந்தான். அவன் ஊரில் மூன்று வருஷமாக மழை இல்லை. முதல் வருஷம் ஆடுகளை விற்றான். இரண்டாம் வருஷம் உழவு மாட்டை விற்றான். மூன்றாம் வருஷம் விற்பதற்கு ஒன்றும் இல்லை, மனைவி பாவாயியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நடந்தே வந்துவிட்டான். ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் தங்கினார்கள்.

மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்வான், சுழியைப் பார்த்துக் குணம் சொல்வான், நடையைப் பார்த்து நோய் சொல்வான். ஆள் தங்கம். ஒரே ஒரு குறை, அவனுக்கு உள்ளங்கையில் கூச்சம். எறும்பு ஊர்ந்தால்கூடக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். இந்தச் சங்கதியை மட்டும் சொல்லாமல் தலைத்தரகர் நஞ்சப்பனிடம் போய் வேலை கேட்டான்.

"மூணு சந்தை பாக்கறேன்," என்றார் நஞ்சப்பன். "தேறுனா வெச்சுக்கறேன். இல்லீன்னா வந்த வழியே போயிரோணும்."

முதல் சந்தை. வாங்க வந்தவர் இரண்டு விரலைத்தான் தொட்டார். ராக்கியப்பன் சிரித்த சிரிப்பில் துண்டு ஒரு பக்கம் விழுந்தது, மாடு மிரண்டு ஒரு கடலைக்காரியின் கூடையை மிதித்தது. வியாபாரம் போயிற்று.

இரண்டாம் சந்தை. வாய் நிறைந்திருந்தால் சிரிப்பு வராது என்று நினைத்து, வெற்றிலையை அடைத்துக்கொண்டு போனான். மூன்று விரலைத் தொட்டார்கள். சிரிப்பும் வந்தது, வெற்றிலையும் வந்தது. வாங்க வந்தவரின் வெள்ளை வேட்டி சிவப்பு வேட்டியாயிற்று. அந்த வியாபாரமும் போயிற்று.

"இன்னொரு சந்தைதாண்டா இருக்குது," என்றார் நஞ்சப்பன். கோபப்படாமல் சொன்னார், அதுதான் ராக்கியப்பனுக்குப் பயமாக இருந்தது. பாவாயியின் பானையில் ஒரு வாரத்துக்குத்தான் கம்பு இருந்தது.

அந்த வாரம் கும்பினி போடும் புதுப் பாதைக்குக் கல் உடைக்க ஆறு நாளைக்கு ஆள் எடுத்தார்கள். ராக்கியப்பன் போனான். சம்மட்டி பிடித்துப் பிடித்துக் கை கொப்பளித்தது, கொப்புளம் உடைந்தது, உடைந்த இடம் காய்த்தது. சாயங்காலமானால் பாவாயி ஒரு கோழி இறகை எடுத்து அவன் உள்ளங்கையில் வருடிப் பார்ப்பாள். முதல் நாள் உருண்டு சிரித்தான். மூன்றாம் நாள் பாதிச் சிரிப்பு. ஆறாம் நாள் இறகு தன் கையில் பட்டதே அவனுக்குத் தெரியவில்லை.

"வேல கெடச்சாச் செரிங்க," என்றாள் பாவாயி. "ஆனா அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்குமுங்க." அவளுக்குக் கொஞ்சம் அழுகை வந்தது.

மூன்றாம் சந்தை வந்தது. மாரப்பன் என்ற குடியானவர் ஒரு செவலைக் காளையை ஓட்டிக்கொண்டு வந்தார். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, ஆழப்படுத்த வேண்டும், அதற்காக ஜோடியில் ஒன்றை விற்க வந்திருந்தார். காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார், அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

வாங்க வந்தவர் ஒரு வண்டி வியாபாரி. துண்டுக்குள் கைவிட்டார். முழுக்கையைப் பிடித்தார், விட்டார், பிறகு இரண்டு விரலைப் பிடித்தார். ஏழு. ராக்கியப்பன் அசையவில்லை. நஞ்சப்பனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

அடுத்து மாரப்பன் கைவிட்டார். ஒரு விரலைப் பிடித்தார், இரண்டாவதைப் பிடித்தார், மூன்றாவதைப் பிடித்தார். நான்காவது விரலை மட்டும், அதிகம் கேட்கிறோமோ என்ற தயக்கத்தோடு, தொட்டும் தொடாமலும் பிடித்தார்.

இரண்டு விலையையும் ராக்கியப்பனிடம் கேட்டறிந்த நஞ்சப்பன் அவன் காதோடு சொன்னார். "நாலுலயே முடிச்சிரு. மிச்சம் மூணும் நமக்கு. இன்னீலிருந்து நீ என்ற ஆளு."

ராக்கியப்பன் மாரப்பனின் கையை இன்னும் விடவில்லை. காய்த்துப்போன கை, அவன் கையைப் போலவே. போன வருஷம் உழவு மாட்டை விற்றபோது அவனும் இப்படித்தான் தயங்கித் தயங்கி ஒரு விரலைப் பிடித்தான். புளியமரத்தடியில் பாவாயி காத்திருப்பாள் என்று நினைத்தான். பானையை நினைத்தான். உள்ளங்கையில் கூச்சம் கொஞ்சமும் இல்லை.

ராக்கியப்பன் சிரித்தான்.

நிஜமாகவே சிரித்துப் பழகியவனுக்குப் பொய்யாகச் சிரிக்கத் தெரியுமா? முதல் சிரிப்பு ஆடு கத்துவதுபோல வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் சந்தையே திரும்பிப் பார்த்தது.

"மொதல்ல அஞ்சு, அப்பறம் ரெண்டு," என்றான் சிரித்துக்கொண்டே. "ஏழு விரலப் புடிச்சா எவனுக்குத்தானுங்க கூசாது?"

"ஏழுங்களா?" என்றார் மாரப்பன்.

"ஏழுதானப்பா," என்றார் வண்டி வியாபாரி. "மாடு அதுக்குப் பெறும்." ஏழு வராகனைக் கொடுத்துக் காளையை வாங்கிக்கொண்டார்.

நஞ்சப்பன் ராக்கியப்பனின் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையில் நகத்தால் கீறிப் பார்த்தார். அவன் சும்மா நின்றான்.

"கூசவே இல்லியேடா. அப்பறம் எதுக்குச் சிரிச்ச?"

"என்ற மாட்ட வித்தன்னிக்கு எந்தத் தரகரும் சிரிக்கலீங்க," என்றான் ராக்கியப்பன்.

நஞ்சப்பன் அவன் கையை விட்டார். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வேலை போயிற்று.

ஆனால் மாரப்பன் பக்கத்திலேயே நின்று அத்தனையும் கேட்டிருந்தார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம், சொந்தக்காரர்களும் ஜாஸ்தி. அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பாவாயி பானையைக் கவிழ்த்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் புளியமரத்தைச் சுற்றிப் பதினோரு மாடுகள், பதினோரு குடியானவர்கள்.

"சிரிக்கிற தரகரு நீங்கதானுங்களா?" என்றார் ஒருவர்.

"என்றகிட்டத் துண்டு இல்லீங்களே," என்றான் ராக்கியப்பன்.

"வாயி இருக்குதுல்லங்க. அது போதுமுங்க."

அன்றிலிருந்து அந்த மரத்தடியில் விலையை வாய்விட்டே சொன்னார்கள். வாங்கினவர் கொஞ்சம், விற்றவர் கொஞ்சம் என்று தரகு கொடுத்தார்கள். பாவாயியின் பானை மறுபடி அடுப்பேறியது. நஞ்சப்பன் துண்டும் வீணாகவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு விசிறிக்கொள்ள உதவியது.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: பிழைப்புக்காகக் கை மரத்துப்போகலாம், மனம் மரத்துப்போகக் கூடாது.