முதல் பந்திக்கு ஒரு சத்தியம்

மன்னர் மாறவேளின் கல்விச்சாலையில் வருடத்துக்கு நாற்பது இடம். சித்திரையிலேயே இடம் கேட்டு ஓலை கொடுப்பவர்கள், "இடம் கிடைத்தால் வேறு சாலைக்குப் போக மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். போன வருடம் அப்படி வந்தவர்கள் அறுபது பேர். முப்பது பேருக்கு இடம் கிடைத்தது. சத்தியம் செய்யாமல் ஆடியில் வந்த முந்நூறு பேருக்கு மிச்சம் பத்து.

இந்தச் சித்திரையில் படகோட்டி கொற்றன் அவைக்கு வந்தான். மகள் வெண்ணி படிக்க ஆசைப்படுகிறாள். அவர்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இடம் கிடைத்தால் இலவசச் சோறு உண்டா என்று கேட்டான்.

"அதை இடம் கொடுத்த பிறகுதான் சொல்வோம். முதலில் சத்தியம்" என்றார் தலைமை ஆசான் விடங்கர்.

சோறு இல்லையென்றால் அவளை இங்கே படிக்க வைக்க முடியாது, சத்தியத்தை மீறி, சோறு போடும் அக்கரைச் சாலைக்கும் அனுப்ப முடியாது என்று கொற்றன் தயங்கினான்.

மன்னருக்கு வேறொரு யோசனை. "சித்திரையில் வந்தால் பாதிப் பேருக்கு இடம். அப்படியானால் எல்லாரையும் சித்திரையிலேயே வரச் சொல்லுங்கள். ஏகாம்பா, இது உன் பொறுப்பு."

அவைப்புலவன் ஏகாம்பன் தலையாட்டினான்.

மறுநாள் மன்னரின் பிறந்தநாள் விருந்து. முதல் பந்திக்குத்தான் பாயசம் நிச்சயம். அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் அன்று வேறெங்கும் சாப்பிடக்கூடாது என்று ஏகாம்பன் சத்திய ஓலை நீட்டினான். மன்னரும் சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தார். ஊரே முதல் பந்தியில் உட்கார்ந்தது. ஏகாம்பன் கடைக்கோடியிலிருந்து பரிமாறச் சொன்னான்.

மன்னரின் இலைக்கு உப்பும் ஊறுகாயும் மட்டுமே வந்தன.

"பாயசம் எங்கே?"

"எல்லாரும் முந்திவிட்டார்கள், அரசே. அண்டா மட்டும் பழைய அண்டாதான்."

மன்னர் எழுந்து அரசியின் சமையலறைப் பக்கம் நடந்தார். ஏகாம்பன் முத்திரை ஓலையைக் காட்டினான்.

"இலையில் என்ன விழும் என்று தெரியாமல் எப்படியப்பா சத்தியம் செய்ய வைத்தாய்?"

"கொற்றனும் நேற்று அதைத்தான் கேட்டான், அரசே."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இனிச் சோற்றைச் சொல்லிவிட்டே சத்தியம் கேட்க வேண்டும், சித்திரை ஓலையையும் ஆடி ஓலையையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். இடம் கிடைத்தால் சோறு உண்டு என்று விடங்கர் அங்கேயே ஒப்புக்கொண்டார். வெண்ணி அன்றே ஓலை எழுதினாள்.

மன்னர் மோதிரத்தைக் கழற்றி ஏகாம்பனிடம் கொடுத்தார். "இப்போதாவது நான் சாப்பிடலாமா?"

"ஓலை எழுதிக் கொடுங்கள், அரசே. ஆடியில் பார்த்துச் சொல்கிறோம்."