அங்கம்மை போடாத புகை

இளவயதில் காட்டுக்குத் தனியே போகிறவர்கள் மனஅமைதி தேடிப் போகிறார்கள் என்றொரு நம்பிக்கை நாடெங்கும் பரவிக் கிடக்கிறது. இதைத் திருத்தாமல் மேலே செல்வது பாவம். நான் விசாரித்த வரையில் அவர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர்களிடமிருந்து தப்பித்துப் போகிறார்கள். அமைதி அதன் பிறகு, தற்செயலாகக் கிடைப்பது.

மேலச்சுனை அங்கம்மை பதினெட்டு வயதில் அப்படித்தான் போனாள். அத்தை மகன் காளத்திக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். காளத்தி மேல் குறை ஒன்றுமில்லை. அவளுக்குக் காடு பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஊரில் இதற்கும் ஒரு வழக்கம் உண்டு. மலைக்காட்டுக்குப் போனவர் தினமும் உச்சிவேளையில் பாறை உச்சியில் தன் கையால் புகை போட வேண்டும். ஆள் உயிரோடிருப்பதை ஊர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். ஒருநாள் தவறினாலும் உறவினர் ஏறிப்போய் அழைத்து வந்துவிடலாம். மூன்று ஆண்டு தவறாவிட்டால் அப்புறம் யாரும் கூப்பிட முடியாது.

மூன்று ஆண்டும் புகை தவறவில்லை. கடைசி நாளன்று, இனி யாரும் கூப்பிடுவதில்லை என்ற ஊரின் வாக்கைப் பெற அங்கம்மை இறங்கி வந்தாள். ஊர்த் தலைவர் வாயைத் திறக்கும் முன் அவள் சொன்னாள்:

“போன மாசம் ஒருநாள் காலு வீங்கிப் படுத்துட்டேன். அன்னைக்குப் புகை வந்துச்சு. நான் போடல.”

அவளுடைய தாய் நாச்சியார் எழுந்தாள். மாதம் ஒருமுறை புதரில் ஒளிந்து மகளைப் பார்த்துவிட்டு வருவது அவள் வழக்கம். கால் வீங்கிய அன்றும் போயிருந்தாள்; மகள் குடிசை வாசலில் உட்கார்ந்து தன் காலையே வைதுகொண்டிருப்பதைக் கண்டாள். சத்தமில்லாமல் பாறை ஏறித் தானே புகை போட்டுவிட்டாள்.

“ஆயிரம் நாளு எம்மக ஏறினா. ஒருநாளு நான் ஏறினா மலை தேஞ்சா போகும்?”

“உன்னை யாரும்மா ஏறச் சொன்னா?” என்றாள் மகள்.

“அன்னைக்கே எனக்குத் தெரியும் அத்தை,” என்றான் காளத்தி. “அங்கம்மை புகை வெள்ளையா, ஒல்லியா எழும்பும். அது கறுப்பா இருந்துச்சு. யாரோ போட்டதுன்னு நெனச்சேன். அவ ஆசைப்பட்டது கிடைக்கட்டும்னு விட்டுட்டேன்.”

காளத்தியின் பெருந்தன்மையைக் கேட்டு இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பொய்ப் புகை போட்ட தாய், தெரிந்தும் பேசாதிருந்த காளத்தி, கைக்கு எட்டிய காட்டைத் தானே பணயம் வைத்த அங்கம்மை. இவர்களில் யார் செய்தது சரி?

காளத்தி என்று சொல்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த இரண்டு பேரோடு போய்ச் சேரலாம். புகை அவளுடையதல்ல என்று தெரிந்த பிறகு, அவள் உயிரோடிருக்கிறாளா என்று அவன் போய்ப் பார்க்கவில்லை. தாய் மகளைக் கண்ணால் கண்ட பிறகே புகை போட்டாள். ஆகவே அது சொன்ன சேதி மெய், போட்ட கைதான் பொய். சரியாக நடந்தவள் அங்கம்மை ஒருத்தியே: அவள் பேசாதிருந்தால் காடு அவளுடையது, ஆனால் அம்மா வாங்கிக் கொடுத்த காடு. உறவினர் யாரும் அவளைத் திரும்ப அழைக்கவில்லை; ஊர் மூன்று ஆண்டை முதலிலிருந்து எண்ணச் சொன்னது. “மூணு வருசந்தானே,” என்று சொல்லிவிட்டு, உச்சிவேளைக்குள் பாறையை எட்ட வேண்டும் என்பதால் சாப்பிடாமலே அவள் கிளம்பினாள்.

அடுத்த தை மாதம், காட்டில் தனியே வாழ ஏற்ற அரிவாள் கேட்டு அந்த ஊர்க் கொல்லனிடம் இரண்டு பெண்கள் போனார்கள்.