மேட்டில் வெந்த கிழங்கு

நெருப்பு மலை ஒன்றின் அடிவாரத்தில் ஒரு காடு இருந்தது. ஒரு நாள் மலை வாய் திறந்து நெருப்புக் குழம்பைக் கக்கியது. விலங்குகள் எல்லாம் ஓட்டம் எடுத்தன.

ஆனால் குழம்புக்கு அவசரமே இல்லை. கூழ் போலப் புரண்டு புரண்டு, நத்தைகூட முந்திவிடும் வேகத்தில் வந்தது. இது தெரிந்ததும் ஓடிய விலங்குகள் திரும்பி வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தன. குழம்பு ஓர் அடி வந்தால் அவை ஓர் அடி பின்வாங்கும். அவ்வளவுதான் வேலை.

சாப்பாட்டுப் பிரியனான காட்டுப்பன்றி மட்டும் இதில் ஒரு லாபம் கண்டது. ஒரு மண்மேட்டின் முன்பக்கத்தில் குழம்பு வந்து முட்டிக்கொண்டிருந்தது. பன்றி வள்ளிக்கிழங்குகளைத் தோண்டி வந்து மேட்டில் குவித்தது. ஒவ்வொன்றாகச் சரிவில் உருட்டி, நெருப்பின் ஓரத்தில் வேகவைத்துத் தின்றது.

வாசனை பிடித்து நரி வந்து சேர்ந்தது.

"தனியாகவா சாப்பிடுகிறீர்கள், அண்ணே?"

"துணைக்குக் கிழங்கு இருக்கிறதே" என்றது பன்றி. ஆனாலும் இருப்பதில் சிறியதாகப் பார்த்து ஒன்றைத் தள்ளிவிட்டது.

நரி தின்றபடியே சுற்றிலும் பார்த்தது. மேட்டில் முட்டிய குழம்பு இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் வளைந்து பின்னால் போய்க்கொண்டிருந்தது. இறங்குவதற்கு அங்கே இன்னும் ஒரு யானை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

நரி வாயைத் திறக்கவில்லை. 'இந்தக் குண்டன் கடைசி நேரத்தில் பார்த்துப் பயந்து ஓடுவான். கிழங்கு முழுவதும் எனக்குத்தான். நத்தை வேகத்தில் வரும் நெருப்பா என்னைப் பிடிக்கப்போகிறது?' என்று நினைத்துக்கொண்டது.

"முதுகுப் பக்கம் சுடுகிறதே, தம்பி" என்றது பன்றி.

"சுடச்சுடத் தின்றால் அப்படித்தான் இருக்கும், அண்ணே. இன்னொன்று சாப்பிடுங்கள்."

பன்றி சாப்பிட்டது. மாவுக்கிழங்கு தொண்டையில் அடைத்தது. பின்னால் சற்றுத் தள்ளி ஓடும் ஓடையில் தண்ணீர் குடிக்கலாம் என்று திரும்பியபோதுதான் அது நெருப்பைப் பார்த்தது.

"தம்பி, நெருப்பு நம்மை வளைத்துவிட்டது. கிளம்பு, கிளம்பு."

"நீங்கள் முன்னால் போங்கள், அண்ணே. நான் இதோ வந்துவிட்டேன்."

பன்றி தன் உடம்பு நுழையும் அளவே மிஞ்சியிருந்த வழியில் பாய்ந்து தப்பியது. வால் முடி மட்டும் கருகிப்போனது.

நரி நிதானமாக ஒரு கிழங்கைத் தின்று முடித்தது. பெரியதாக இன்னொன்றைக் கவ்விக்கொண்டு இறங்கியது.

மேட்டின் பின்னால், அடியை ஒட்டி, காய்ந்த பள்ளம் ஒன்று இருந்தது. சமதரையில் ஊர்ந்து வந்த குழம்பு, பள்ளத்தின் சரிவைக் கண்டதும் கடகடவென்று ஓடத் தொடங்கியிருந்தது. நரி போய்ச் சேர்ந்தபோது அங்கே வழியே இல்லை. கிழங்கைப் போட்டுவிட்டு அது மீண்டும் மேட்டில் ஏறியது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்த பன்றி, நெருப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டது:

"எல்லாம் வெந்துவிட்டதா, தம்பி?"

"வெந்துவிட்டது, அண்ணே. விக்கல்தான் நிற்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

"ஓடை நிறைய இருக்கிறது. நீ சொன்னாயே, இதோ வந்துவிட்டேன் என்று. வா."

மழை பெய்து குழம்பு கல்லாக இறுகும்வரை நரி மேட்டிலேயே கிடந்தது. இறங்கி வந்தபோது அதன் உள்ளங்கால்கள் நான்கும் கொப்பளித்துவிட்டன. அதன் பிறகு, கிழங்கு வாசனை அடித்தால் நரி முதலில் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்க்கும்.

நீதி: ஆபத்து மெதுவாக வருகிறது என்பதால், அது நமக்காகக் காத்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.