தொண்டையில் நின்ற ஆமாம்

அந்தக் காலத்தில் பிராணிகள் எல்லாம் வாய் திறந்து பேசும். ஆனால் ஊருணி வற்றிப்போன அந்தக் கோடையில், பேசுவதற்குக்கூட யார் நாக்கிலும் ஈரமில்லை.

ஊருணிக் கரை வேலியில் கரட்டான் என்ற ஓணானும் அவன் பெண்டாட்டி பூவாத்தாளும் குடியிருந்தார்கள். கரட்டான் கெட்டவனில்லை, பாவம். கவலைப்படத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவன், அவ்வளவுதான். விடிந்ததும் வேலியின் அடிக்கம்பில் உட்கார்ந்து ஊருணியின் வெடிப்புகளையே பார்ப்பான். நேற்று வால் நுழைந்தது, இன்று தலையே நுழைகிறது என்பான். எதைக் கேட்டாலும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவான். ஓணான் குலத்தில் அதற்கு 'இல்லை' என்று பொருள். 'ஆமாம்' என்பதற்கு மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அதை அவன் மறந்தே போனான்.

பூவாத்தாள் வயிற்றில் முட்டை இருந்தது. ஒருநாள் அவள் கரைப்பனையின் உச்சிவரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"இந்தாங்க, ஒருக்க மேல ஏறிப் பாருங்களேன்."

"ஏறிப் பாத்தா மழை வந்துருமாக்கும்?"

"மழை வராது. கீழருந்து பாத்தா இந்த ஊருணிதான் உலகம். மேலருந்து பாத்தா உள்ளங்கை அளவுதான் இருக்கு. பொட்டலுக்கு அந்தப் பக்கம் பச்சையா ஒரு கோடு தெரியுது. ஓடையா இருக்கும்."

"கானலா இருக்கும்."

"அதையாவது நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க. இந்த மண்ணுல முட்டை வெந்து போகும். பொட்டலை ஒத்தையில தாண்ட முடியாது. ஒருத்தர் ஓடும்போது ஒருத்தர் வல்லூறு வருதான்னு பாக்கணும்."

கரட்டான் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான். வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்பார்கள். இவனுக்கோ வெடிப்புதான் சாட்சி. மூன்று நாள் கேட்டாள். மூன்று நாளும் அதே ஆட்டல்.

நான்காம் நாள் பூவாத்தாள் கேட்கவில்லை. தனியாகவே கிளம்பிவிட்டாள். அவள் போனதைக்கூட, வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கவனிக்கவில்லை.

பொட்டல் பக்கம் வல்லூறின் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். அடித்துப்பிடித்துப் பனையில் ஏறினான். பொடிமண்ணில் அவள் வால் இழுத்த தடம் முக்கால் தூரம் போய் அறுந்து கிடந்தது. அதற்கு அப்பால், எட்டிவிடும் தூரத்தில், நாணல் ஆடியது. கானல் இல்லை, ஓடைதான்.

கீழே பார்த்தான். ஊருணி உள்ளங்கை அளவுதான் இருந்தது. இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம், இவ்வளவுதானா என்று இறங்கிப் போயிற்று. மூன்று நாளுக்கு முன்பே இறங்கியிருக்க வேண்டியது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஆமா புள்ள, நீ சொன்னது ஆமா" என்று கத்தப் பார்த்தான். சொல் தொண்டையில் சிக்கி, தொண்டை ரத்தமாய்ச் சிவந்தது. குரல் வரவில்லை. தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது.

அன்று முதல்தான் ஓணான், வேலியோ கல்லோ கிடைத்த உயரத்தில் ஏறி, தொண்டை சிவக்க, கேட்டவள் போன திசையைப் பார்த்து 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டிக்கொண்டே இருக்கிறது.