மூன்று பலூன்கள்

பத்துப் புத்தகங்களின் பெயரை எழுத முடியாமல் ஒருவன் சிவகாசிக்குப் பஸ் ஏறினான்.

அவன் பெயர் அருமைநாயகம். வயது நாற்பத்தெட்டு. தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடத்து லேபில் உதவியாளர் வேலை. ஒன்பது வயதில் பிடித்த காமிக்ஸ் பைத்தியம் அவனை விடவேயில்லை. வீட்டு முன்னறையில் பதினொரு மரப்பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தான்.

அவனைப் போல நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்தினார்கள். வருஷா வருஷம் சித்திரையில் விருதுநகரில் கூடுவார்கள். கிராஃபிக் நாவல், பழைய கதைகளின் தொகுப்பு என்று அவரவருக்குப் பிடித்ததைச் சொல்லி, சண்டை போட்டு, கடைசியில் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டுச் சிறந்த பத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் இடத்துக்காக இரண்டு பேர் ஆறு மாதம் பேசாமல் இருந்ததும் உண்டு.

இந்த வருஷம் ஓட்டு இல்லை என்று செயலாளர் தளவாய் அறிவித்தார். பத்தையும் அருமைநாயகமே சொல்லட்டும் என்றார்.

மார்கழியில் வந்த வெள்ளம்தான் காரணம். ஊரே முங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை, அருமைநாயகம் எட்டுப் பெட்டிகளை ஒற்றை ஆளாக மொட்டை மாடிக்குத் தூக்கிவிட்டான். தார்ப்பாய் போர்த்திய பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஈரக் கைலியோடு அவன் குத்தவைத்திருந்ததை எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படம் வட்டம் முழுக்கச் சுற்றியது. ‘இவன்தான்யா ரசிகன்’ என்று எழுதினார்கள்.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தான். ஒரு பெயரும் வரவில்லை. ஒன்று என்று எண் போடுவான். அதோடு கை நின்றுவிடும்.

சிவகாசியில் ராஜகனி இருந்தாள். அவனைவிட நாலு வயது மூத்தவள். வெளிநாட்டுச் சித்திரக் கதைகள் தமிழுக்கு வரும்போது, ஆட்களின் வாயிலிருந்து கிளம்பும் பலூனுக்குள் தமிழ் வசனத்தைக் கையால் எழுதுவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் படம் வரையக் கற்றுக்கொள்ளப் போனான். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, “உனக்குக் கை வராது. கண்ணு வரும்” என்றாள். பிறகு வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள். ஒரு பக்கத்தில் அரை மணி நேரம் நிற்க வைப்பாள். அதிலிருந்து வட்டத்தில் அவனுக்கு ‘ராஜகனியக்கா சீடன்’ என்றே பெயர்.

அவன் போனபோது அவள் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“பத்துப் பேரு எழுதணும் அக்கா. வர மாட்டேங்கு.”

“எட்டுப் பெட்டி இருக்குல்லா? தொறந்து பாரேன்.”

“தொறக்கல.”

“எப்பயிருந்து?”

“வெள்ளத்துலயிருந்து.”

ராஜகனி பேனாவை வைத்தாள்.

“சரி. அன்னைக்கு என்ன நடந்துச்சு?”

அவன் சொன்னான். வெளியே பலமுறை சொல்லிப் பழகியதால் தடங்கல் இல்லாமல் வந்தது. காலை ஒன்பது மணி. மனைவி ஞானசெல்வி தங்கை மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தாள். இரண்டு நாள் மழையில் கால்வாய்க் கரை உடைந்தது. வாசலில் நின்ற தண்ணீர் கால் மணி நேரத்தில் முழங்காலுக்கு வந்தது. வீட்டுப் பின்கட்டில் ஓடு வேய்ந்த அறையில் துரைப்பாண்டி என்று ஒரு பெரியவர் பதினொரு வருஷமாகக் குடியிருந்தார். ஒரு காலத்தில் தையல்காரர். இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கை. ஒன்பதாவது பெட்டிக்கு இறங்கும்போது பின்சுவர் விழுந்துவிட்டது. மறுநாள்தான் அவரை எடுத்தார்கள்.

“என்னால ஒண்ணும் செய்ய முடியல அக்கா.”

ராஜகனி ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“வரை.”

“எனக்குத்தான் கை வராதே.”

“வந்த மட்டும் வரை. ஆறு கட்டம். அன்னைக்கு நடந்தது.”

அவன் வரைந்தான். குச்சி குச்சியாக மனிதன், கோடு கோடாகத் தண்ணீர். முதல் கட்டத்தில் வாசல். இரண்டாவதில் தோளில் பெட்டி. மூன்றாவதில் படிக்கட்டு. நாலாவதில் மொட்டை மாடியில் அஞ்சு பெட்டி. அஞ்சாவதில் இடுப்பளவு தண்ணீர், மறுபடியும் தோளில் பெட்டி. ஆறாவதில் இடிந்த சுவர்.

ராஜகனி தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல துரைப்பாண்டி எங்க?”

“அவர் பின்னால ரூம்ல கெடந்தாரு. நான் பாக்கல.”

“பாக்கல. கேக்கவும் இல்லையா?”

மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. அவன் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு அதையும் நிறுத்தினான்.

“கேட்டுது.”

“எந்தக் கட்டத்துல?”

அவன் விரல் இரண்டாவது கட்டத்தைத் தொட்டது. பிறகு நாலாவதை. பிறகு அஞ்சாவதை.

“மூணு தடவை” என்றாள் ராஜகனி. “மூணு பலூன் போடு.”

போட்டான். ஒவ்வொன்றின் வாலும் கட்டத்துக்கு வெளியே, வீட்டின் பின்பக்கம் பார்த்து வளைந்தது.

“என்ன சொன்னார்?”

“அக்கா...”

“எழுது.”

முதல் பலூனில் எழுதினான்: ‘அருமை, தண்ணி உள்ள வருதுய்யா.’

இரண்டாவதில் எழுதினான்: ‘கட்டில் நனையுது. என்னையத் தூக்கிருய்யா.’

மூன்றாவதில் எழுத வெகுநேரம் ஆனது. எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. ‘அருமை, இருக்கியா?’

“நீ என்ன சொன்ன?”

“மொத ரெண்டு தடவையும், இந்தா வாரேன் அண்ணாச்சின்னேன். வாரதுக்குத்தான் அக்கா இருந்தேன். சத்தியமா. இந்த ஒரு பெட்டி, இந்த ஒரு பெட்டின்னு...” அவன் பென்சிலைக் கீழே வைத்தான். “அவர் நூலாட்டம் இருப்பாரு. ஒரு பெட்டி கனம்கூடக் கிடையாது. மொதல்ல அவரத் தூக்கிருந்தா ரெண்டு நிமிசம் ஆயிருக்கும்.”

“மூணாவது தடவை?”

“பதில் சொல்லல. கேக்காத மாதிரி ஏறிட்டேன்.”

ராஜகனி எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைக் குடிக்கவில்லை.

“இத யாருக்கும் சொன்னதில்லையா?”

“ஞானசெல்விக்குக்கூடத் தெரியாது.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தான். “இதக் கூட்டத்துல காட்டட்டுமா அக்கா?”

ராஜகனி பேனாவை எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு அவன் கிளம்பினான்.

விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. நாற்பது பேரும் வந்திருந்தார்கள். தளவாய் மைக்கைப் பிடித்து, வெள்ளத்தை வென்ற நம் நாயகன் என்று ஆரம்பித்து நீளமாகப் பேசினார். கைதட்டல் ஓயும்வரை அருமைநாயகம் காத்திருந்தான்.

“எங்கிட்ட பத்து இல்ல” என்றான். “ஒரு பக்கந்தான் இருக்கு. இது உண்மையில நடந்தது. நான் செஞ்சது.”

தளவாய் தாளைச் செல்போனில் படம் பிடித்துத் திரையில் போட்டார். குச்சி மனிதன் ஆள் உயரத்துக்கு நின்றான். அருமைநாயகம் திரையைப் பார்க்காமல் கட்டம் கட்டமாகச் சொன்னான். யார் கூப்பிட்டது, அவன் என்ன சொன்னான், மூன்றாவது தடவை என்ன சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டான். யாராவது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தான். செருப்பு வந்து விழுந்தாலும் நல்லது என்று இருந்தது.



பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் ராஜபாளையத்துக்காரர், ஓவிய ஆசிரியர்.

“கூப்பிடுற ஆள கடைசிவரைக்கும் காட்டவே இல்ல பாருங்க” என்றார். “வெறும் குரல். என்னா பாரம்!”

“மூணாவது பலூன்ல எழுத்து நடுங்குது, கவனிச்சீங்களா?” என்றார் இன்னொருவர்.

“உண்மைச் சம்பவம்ங்கறதாலதான் இப்படி அடிக்குது.”

ஒருவர் மேடையேறி வந்து அருமைநாயகத்தைக் கட்டிக்கொண்டார். “வெள்ளம் அண்ணாச்சி. நீங்க என்ன செய்ய முடியும்? மனசப் போட்டு அலட்டாதீங்க.”

“நான் தூக்கிருக்கலாம்” என்றான் அவன். “ரெண்டு நிமிசம்.”

“இந்த மனசு யாருக்கு வரும்!” என்றார் அவர், மைக்கில்.

ஓட்டெடுப்பு வேண்டாம் என்று சொன்ன தளவாயே கையைத் தூக்கச் சொன்னார். முப்பத்தெட்டுக் கைகள் எழுந்தன. அந்த வருஷத்தின் முதல் இடம் அந்த ஒரு பக்கத்துக்கு. போன வருஷம் முதலில் நின்ற கௌபாய் தொகுப்பு இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. அருமைநாயகத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். எட்டுப் பெட்டியிலும் என்னென்ன இருக்கிறது என்று சாப்பாட்டு வரிசையில் இரண்டு பேர் கேட்டார்கள். அவன் இலையில் போட்டது போட்டபடி இருந்தது.

மறுநாள் காலை அவன் சிவகாசியில் நின்றான். வாசலில் கோலப்பொடி டப்பாவோடு இருந்த ராஜகனி, அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள். பையிலிருந்து சால்வையையும் தாளையும் எடுத்து மேசையில் வைத்தான்.

“மொத எடம் குடுத்துட்டாங்க அக்கா.”

அவள் சால்வையைத் தொடவில்லை.

“எல்லாரும் மன்னிச்சுட்டாங்க. ஒருத்தர்கூட ஏம்ல இப்படிச் செஞ்சன்னு கேக்கல.”

“அவங்க எப்படிக் கேப்பாங்க?”

“ஏங்க்கா?”

“அங்க இருந்திருந்தா அவங்களும் அந்தப் பெட்டியத்தான தூக்கிருப்பாங்க.”

அருமைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தான். 

“எனக்கு ஒண்ணுமே குறையல அக்கா. சொன்னா குறையும்னு நெனச்சேன். அவங்க கைதட்டத் தட்ட அவரு கூப்பிடுத சத்தம்தான் கேக்கு. இருக்கியா, இருக்கியான்னு. என்ன செய்யணும்னு சொல்லுங்க. பெட்டியக் கொளுத்தச் சொன்னா கொளுத்திருதேன்.”

“கொளுத்துனா அவருக்கு என்ன?”



ராஜகனி தாளை எடுத்துப் பார்த்தாள். மூலையில் யாரோ சாப்பிட்ட கையால் பிடித்த மஞ்சள் கறை இருந்தது.

“துரைப்பாண்டிக்குன்னு யாரும் உண்டா?”

“ஒரு மக. கோயில்பட்டியில கெட்டிக்குடுத்துருக்கு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போறா. போன வாரம் போன் பண்ணுனா.”

“என்ன கேட்டா?”

அவன் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தான்.

“அப்பா கடைசியா எதாவது சொன்னாரா அண்ணேன்னு கேட்டா.”

“நீ?”

“ஒண்ணும் சொல்லலம்மான்னேன். தண்ணி வாரதுக்கு முந்தியே சுவரு விழுந்துட்டு, அவரு சத்தமே போடல, ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னேன். போன்லயே அழுதா. பட்டினி போடாமப் பாத்துக்கிட்டீங்கல்லா, ஒங்க குடும்பம் நல்லா இருக்கணும் அண்ணேன்னா.”

வெளியே பால்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். 

“அந்தப் பொய்ய வச்சுத்தான் அவ தூங்குதா அக்கா” என்றான். “அதையும் பறிக்கணுமா? இல்ல, நான் தூங்கணும்ங்கதுக்காக அவளை எழுப்பணுமா? நீங்களே சொல்லுங்க.”

ராஜகனி இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தாள். தாளை மடிக்காமல் உள்ளே வைத்தாள்.

“அந்தப் பிள்ள பேரென்ன?”

“இசக்கியம்மாள்.”

மைப்புட்டியைத் திறந்தாள். பலூனுக்குள் எழுதும் அதே நிமிர்ந்த எழுத்தில், அவசரமில்லாமல், கவரின் நடுவில் அந்தப் பெயரை எழுதினாள். மை காயும்வரை ஊதினாள். பிறகு கவரை அவனிடம் நீட்டினாள்.

அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை.

“விலாசம் எழுதலையே அக்கா. தெருப் பேரு எனக்குத் தெரியும். சொல்லுதேன், எழுதுங்க.”

ராஜகனி மைப்புட்டியை மூடினாள்.

“அது தபால்ல போற பக்கம் இல்ல” என்றாள்.