வெள்ளிப் பட்டை யாருக்கு?

கதை சொல்வது என் வேலை, தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை. அவசரப்படாமல் கேளுங்கள், இதில் ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது.

தூத்துக்குடிப் பக்கம் குஸ்திக் காட்சி நடத்திவந்த பர்னாந்து என்பவரிடம் கொம்பையா என்று ஒருவர் இருந்தார். மேடையில் அவர் பெயர் கரும்பூதம். எதிராளியின் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவது, நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும் முதுகில் குத்துவது, கடைசியில் தூக்கி எறியப்பட்டு மல்லாந்து விழுவது, இவ்வளவும் அவர் உத்தியோகம். யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைத்தது. விழுவது மட்டும் நிஜம். பலகைமேல் விரித்த ஜமுக்காளத்தில் வருஷக்கணக்காக விழுந்ததில் அவருக்குக் கழுத்து திரும்பாமல் போயிற்று. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார்.

அந்தத் தொழிலில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. நல்லவனாக வருகிறவனும் கெட்டவனாக வருகிறவனும் வெளியே சேர்ந்து நின்று ஒரு தேத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஜனம் பார்த்தால் நம்பிக்கை போய்விடும். இன்னொன்று, எறிகிறவனுக்குக் கால் தடுமாறினால் எதிராளியின் மணிக்கட்டை இரண்டு தரம் அழுத்துவான். அப்போது விழுகிறவர்தான் அவனைக் காப்பாற்றியாக வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது.

முதலில் அந்தக் காட்சிக்குத் துறைமுகத்துக் கூலிக்காரர்களும் லாரிக்காரர்களும்தான் வந்தார்கள். கௌரவமான வீடுகளில் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். பிறகு வெயிலுமுத்து வந்தான். மேடைப் பெயர் மின்னல்ராஜா. நல்ல முகவெட்டு, அதைவிட நல்ல சிரிப்பு. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். சலூனில் அவன் படம், பள்ளிக்கூட நோட்டு அட்டையில் அவன் படம். தனியொரு ஆள் குஸ்தியை நடுவீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான் என்று ஊரே சொல்லிற்று.

ஒரு மழைக்காலம் முழுக்கக் கொம்பையா கழுத்துவலியில் படுத்துவிட்டார். மின்னல்ராஜா வேறு ஆட்களோடு மோதினான். ஜனங்கள் கை தட்டினார்கள், கடலைக்காரர் விற்று முடிக்குமுன்பே வீட்டுக்குப் போனார்கள். யாரும் அழவில்லை, யாரும் மண்ணை வாரித் தூற்றவில்லை. பர்னாந்து இதைக் கவனித்தார். கவனித்துவிட்டுச் சும்மா இருந்தார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். கொம்பையாவுக்கு மேடையில் அடி, தெருவில் கல். டீக்கடையில் கிளாசைக் கழுவி வைத்துவிட்டு, கடை கட்டியாச்சு என்பார்கள். இதெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. மகள் பிரமுவுக்கு வந்த வரன் தட்டிப்போனபோதுதான் மனுஷனுக்குத் தாங்கவில்லை. ஒரு பூதத்தைச் சம்பந்தி என்று பந்தலில் எப்படி நிறுத்துவது என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டாள். அந்த மின்னல்ராஜாவே நாலு பேர் முன்னால் இவரை நல்லவர் என்று சொன்னால் யோசிக்கலாம் என்றாள்.

கொட்டகைக்குப் பின்னால், ஆள் இல்லாத இடத்தில், கொம்பையா அவனைப் பிடித்தார்.

"ஒரே ஒரு தடவை சொல்லிரு தம்பி. நான் ரொம்ப ஓஞ்சு போனேன்."

"சொல்லுதேன் அண்ணாச்சி. எங்க அம்மை மேல சத்தியம்."

அந்த வருஷத்தின் கடைசிக் காட்சியில் பர்னாந்து இடுப்பில் கட்டுகிற வெள்ளிப் பட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். குஸ்தியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு இது என்றார். ஆளைப் பிடித்து, பெயர் சூட்டி, யாரோடு யார் மோதுவது என்று ஜோடி சேர்த்த தனக்குத்தான் அது உரியது என்பது அவர் எண்ணம். தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டால் சிரிப்பார்களே என்று மின்னல்ராஜாவைக் கூப்பிட்டார். முன்வரிசையில் பிரமுவும் மாப்பிள்ளை வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வெயிலுமுத்து மைக்கைப் பிடித்தான். கொம்பையாவை அழைத்து அவர் கையைப் பற்றிக்கொண்டான். இந்தப் பட்டை தனக்குரியதல்ல, இவர் விழுந்ததால்தான் தான் ஜெயித்தது, இவரைப் போல் நல்ல மனுஷர் இல்லை என்றான்.

பர்னாந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மடியில் பிள்ளையோடு இருந்த ஒருத்தி, "அப்போ இத்தன நாளும் நடிப்பா?" என்று கேட்டாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. பறிகொடுத்தவளைப் போலக் கேட்டாள்.

வெயிலுமுத்து மைக்கைத் தாழ்த்தினான். அவன் விரல்கள் கொம்பையாவின் மணிக்கட்டை இரண்டு தரம் அழுத்தின.

கொம்பையா மகளைப் பார்த்தார். ஒரு நிமிஷம் சும்மா நின்றால் போதும், கல்யாணம் நடந்துவிடும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. உடம்பைத் திருப்பி, அவனைத் தூக்கி மல்லாக்கப் போட்டார்.

"பயந்து உளறுதான் பாருங்கலே உங்க ராஜா! நாந்தான் மெரட்டி இப்படிப் பேசச் சொன்னேன்!"

வெயிலுமுத்து அதுவரை விழுந்ததே இல்லை, விழத் தெரியாது. அவன் பின்மண்டை பலகையில் படாமல் கொம்பையாவின் உள்ளங்கை அடியில் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. செருப்புகள் பறந்தன. அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று சாபம் விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். மின்னல்ராஜா எழுந்து பூதத்தைத் தூக்கி எறிந்தான், வழக்கம்போல. பர்னாந்து பட்டையை அவன் இடுப்பில் கட்டினார். கொம்பையா வீட்டுக்குப் போய், கழுத்துக்கு வெந்நீர் ஒற்றடம் மட்டும் மகளிடம் கேட்டார்.

பட்டை தனக்கு என்கிறார் பர்னாந்து. மின்னல்ராஜாவுக்கு என்கிறது ஜனம். கொம்பையாவுக்கு என்கிறான் வெயிலுமுத்து. கொம்பையா ஒன்றும் சொல்லவில்லை. குஸ்தியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது யார்? அந்தப் பட்டை உண்மையில் யாருடையது?

விடை: ஜோடி சேர்த்தவர் பர்னாந்துதான், ஆனால் ஜோடி உடைய இருந்தபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெயிலுமுத்து இல்லாத காலத்தில் பெண்கள் வரவில்லை, கொம்பையா இல்லாத மழைக்காலத்தில் யாரும் அழவில்லை. ஆகவே கொண்டுபோனது ஒருவர் அல்ல, இருவர். ஆனால் பட்டை கொம்பையாவுடையது. அதை வைத்துக்கொள்ளவும் விட்டுக்கொடுக்கவும் முடிந்தவர் அவர் ஒருவர்தான், தன்னுடையதைத்தானே ஒருவர் கொடுக்க முடியும். வெயிலுமுத்துவும் இப்படித்தான் நினைத்தான் போலும். மறுநாள் பட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றான். கொம்பையா உடம்போடு திரும்பிப் பார்த்தார்.

"முன்வாசல்ல நிக்காத தம்பி, யாராச்சும் பாத்துருவாவ. பின்னால சுத்தி வா."