நடுங்கும் கையில் ஓர் ஊக்கு

"இங்கேயும் எல்லாரும் நடிக்கிறாங்க சாமி" என்றாள் செண்பகவடிவு.

சாமி மடத்துக் கிணற்றுமேட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு?"

"எல்லாரும்தான். நீங்களும்."

சாமி கோபித்துக்கொள்ளவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் இந்நேரம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். சாமி அப்படியொன்றும் பொறுமைசாலி இல்லை.

செண்பகவடிவு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சாமியைவிட வயதில் மூத்தவள். எத்தனையோ குழந்தைகளுக்கு அழுகை வராமல் ஊசி போட்டவள். ஒருநாள் வலது கட்டைவிரல் தானாக ஆடத் தொடங்கியது. பிறகு கை முழுவதும் ஆடியது. நடை குறுகியது. முகமும் இறுகிப்போய், அவள் சிரித்தால்கூடச் சிரித்தது வெளியே தெரியாமல் போயிற்று.

நடுக்குவாதம் என்றார் டாக்டர். மாத்திரையால் கொஞ்சம் அடக்கி வைக்கலாம், போக்க முடியாது என்றார்.

நோயைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். வீட்டில் இருந்தவர்களின் நல்ல குணத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் கொதிக்கக் கொதிக்க ரசத்தை மகன் தொடையில் கொட்டிவிட்டாள். அவன் துள்ளவில்லை. "ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்துவிட்டுப் போனான். குளியலறைக் கதவுக்குப் பின்னால் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அவன் முனகியது அவளுக்குக் கேட்டது.

அன்றிலிருந்து யார் "ஒண்ணுமில்ல" என்றாலும் அவள் நம்புவதில்லை. இரண்டு பேர் மெதுவாகப் பேசினால் தன்னைப் பற்றித்தான். பேச்சை நிறுத்தினால் சந்தேகமே இல்லை, தன்னைப் பற்றித்தான்.

மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தாள். சாமியார்கள் இருக்கிற இடத்தில் பொய் இருக்காது என்று நினைத்தாள்.

வந்த கொஞ்ச நாளில், வேண்டுமென்றே ஓர் ஊறுகாய் ஜாடியைக் கீழே போட்டுப் பார்த்தாள். யாராவது திட்டுகிறார்களா என்று. ஒருவரும் திட்டவில்லை. "பழைய ஜாடிதானே" என்றார்கள்.

அது புது ஜாடி.

"அப்படி என்ன நடிப்பைக் கண்டீங்க?" என்று கேட்டார் சாமி.

"எல்லாருக்கும் டம்ளர் நிறையக் கஞ்சி. எனக்கு மட்டும் பாதி. வேணும்னா இன்னொரு தடவை வாங்கிக்கலாம்னு சிரிக்கிறார் அழகுமுத்து அண்ணாச்சி."

அழகுமுத்து மடத்துச் சமையல்காரர். பட்டாளத்தில் சமைத்துவிட்டு வந்தவர். அடுப்படி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம்?"

"வாசப்படிகிட்ட வந்தா எனக்குக் கால் தரையில ஒட்டிக்கும். எடுத்து வைக்க வராது. பின்னால வர்றவங்க உடனே மலையைப் பார்க்க ஆரம்பிச்சிடுறாங்க. தினமும் பார்க்கிற மலைதானே சாமி? அப்படி என்ன இருக்கு அதுல?"

சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினார். அடக்கியதையும் அவள் பார்த்தாள்.

"பூக் கட்டச் சொல்றதில்ல. விளக்கேத்தச் சொல்றதில்ல. எப்பப் பார்த்தாலும் 'உக்காருங்க, உக்காருங்க'. என்னை எதுக்குச் சாமி சேர்த்தீங்க? பாவம்னா?"

சாமி நீட்டியிருந்த வலது காலைத் தூக்கி அவள் பக்கம் திருப்பினார்.

குதிகாலில் முள். ஒடிந்து உள்ளே தங்கியிருந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

"எடுத்து விடுங்க."

அவள் குதிகாலை உற்றுப் பார்த்தாள். பிறகு சாமியின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களே குத்திக்கிட்டீங்களா?"

"நான் அவ்வளவு நல்லவன் இல்லம்மா. விறகு பொறுக்கப் போன இடத்துல மிதிச்சுட்டேன்."

"அண்ணாச்சி இருக்காரே."

"அவர்கிட்டக் காலைக் குடுத்தா காலையே எடுத்துடுவார். நீங்க நர்ஸ்."

"இருந்தேன்."

அழகுமுத்து கீரையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். "நான் எடுத்துடறேன் சாமி. அம்மாவுக்கு எதுக்குச் சிரமம்?"

செண்பகவடிவு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்களோ? ஒருவர் நீங்கதான் எடுக்கணும் என்பது, இன்னொருவர் வேண்டாம் என்பது. அவள் கை தவறும். சாமி சிரித்துக்கொண்டே, ஒண்ணுமில்ல என்பார். அதற்குப் பிறகு இந்த மடத்திலும் இருக்க முடியாது. போவதற்கு வேறு இடமும் இல்லை.

"நடிச்சீங்கன்னா இன்னிக்கே கிளம்பிடுவேன் சாமி."

"முதல்ல முள்ளை எடுங்க."

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றவே வெகுநேரம் ஆயிற்று. அழகுமுத்துவின் கை உதவிக்கு முன்னால் வந்தது. சாமி ஒரு பார்வை பார்த்தார். கை பின்னால் போயிற்று.

"தணல்ல காட்டிக் கொண்டாங்க" என்று அவள் ஊக்கை நீட்டினாள். அழகுமுத்து சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

சாமியின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஊக்கின் முனை குதிகாலுக்கு மேலே தும்பி மாதிரி ஆடியது.

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு."

அவள் குத்தாமல் நிறுத்தினாள். இதுவும் ஒரு நடிப்போ? ஊசிக்கு முன்னால் பயந்த உடம்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாமியின் கால்விரல்கள் மடங்கி, நகம் வெளுக்க இறுகியிருந்தன.

குத்தினாள்.

முள்ளின் மேல் படவில்லை. பக்கத்தில், ஆழமாக இறங்கிவிட்டது.

"ஐயோ அம்மா!"

கூரையில் இருந்த காக்கைகள் பறந்தன. சாமி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? கொல்லப் பார்க்கிறீங்களா?"

சாமியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மூக்கு விடைத்திருந்தது. குதிகாலிலிருந்து ரத்தம் வழிந்தது.

பரவாயில்ல, விட்டுடுங்க. அடுத்து அதைத்தான் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள்.

சாமி சொல்லவில்லை. முனகிக்கொண்டே காலை மறுபடி அவள் மடியில் வைத்தார்.

"எடுங்க."

இரண்டாம் தடவையும் ஊக்கு வழுக்கியது. சாமி இன்னும் பலமாகக் கத்தினார். அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"காலை ஆட்டாதீங்க!"

"நான் ஆட்டலை. நீங்கதான் ஆட்டுறீங்க."

அழகுமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். நோய் வந்த நாளிலிருந்து அவள் முகத்துக்கு நேரே அதை ஒருவரும் சொன்னதில்லை.

செண்பகவடிவு ஊக்கைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். ஆமாம். அவள்தான்.

"என்னால முடியல" என்றாள்.

பிறகு, திரும்பாமலே சொன்னாள். "அண்ணாச்சி, இங்க வாங்க. என் மணிக்கட்டைப் பிடிங்க. நல்லா அழுத்திப் பிடிங்க."

அழகுமுத்து பக்கத்தில் குந்தி, இரண்டு கையாலும் பிடித்தார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"உங்ககிட்ட எனக்கு எப்பவுமே பயம்மா" என்றார் அழகுமுத்து. "முகத்தைப் பார்த்தா கோபமா இல்லையான்னு பிடிபடாது. ஏதோ மனசுல வச்சுக்கிட்டு என்னை முறைக்கிறீங்கன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன். கஞ்சி நிறைய ஊத்தினா கையில கொட்டிக்குவீங்களே, கேட்டா ஏதாவது சொல்லிடுவீங்களேன்னு, கேட்காமலே பாதி ஊத்திட்டேன்."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்தான்."

"முள்ளு இன்னும் உள்ளேதான் இருக்கு" என்றார் சாமி.

செண்பகவடிவு குனிந்தாள். "கொஞ்சம் மேல. இல்ல, இந்தப் பக்கம். அவ்வளவுதான், அசையாதீங்க."

நடுக்கம் நிற்கவில்லை. அழகுமுத்துவின் பிடிக்குள் அது சின்னதாகியிருந்தது. தோலைக் கிளறினாள். சாமி பல்லைக் கடிக்கவில்லை, வாய்விட்டே அரற்றினார். கருப்பாக ஒரு முனை தெரிந்தது. நெம்பினாள். முள் வெளியே வந்து அவள் மடியில் விழுந்தது.

மஞ்சள்பொடி எடுத்து வர அழகுமுத்து உள்ளே ஓடினார்.

அவள் முந்தானையால் ரத்தத்தை ஒற்றினாள். மூன்று இடத்தில் காயம். ஒன்று முள்ளால் ஆனது. மற்ற இரண்டும் அவளால் ஆனவை. காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

"ரொம்ப வலிக்குதா சாமி?"

"ரொம்ப வலிக்குது."

பிடி விட்டதும் கை பழையபடி ஆடத் தொடங்கியிருந்தது. அதை மறைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

"எனக்கும்" என்றாள்.